ஒலிம்பிக் மெடல் ஒண்ணு கூட இல்லாத சாரா பர்க்கை ஏன் முன்னோடின்னு சொல்றாங்க?

கேள்வி இதுதான்: "சாரா பர்க் ஒரு ஒலிம்பிக்ல கூட இறங்கினது இல்ல, ஆனா ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங் பத்தி எதை எடுத்தாலும் அவங்க பேரு வந்துருது, சின்ன வயசுல இறந்துட்டாங்கங்கிற அனுதாபமா, இல்ல நெஜமாவே அவ்ளோ பெரிய ஆளா?"

அனுதாபம் இல்லீங்க. சாரா கனடா நாட்டு ஸ்கீ வீராங்கனை, ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங்னா ஸ்கீ மாட்டிக்கிட்டு பனியில சறுக்கி, பறந்து வித்தை காட்டுறது. அவங்க ஒலிம்பிக்ல இறங்காததுக்குக் காரணம் அவங்க விளையாட்டான ஸ்கீ ஹாஃப்பைப் அப்ப ஒலிம்பிக்லயே கிடையாது, அதை உள்ள கொண்டு வரப் போராடினவங்கள்ல முன்வரிசை ஆளு அவங்கதான், கொண்டு வந்தும் காட்டினாங்க, ஆனா அந்த முதல் போட்டிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 29 வயசுல போய்ச் சேந்துட்டாங்க. மெடல் கணக்கை மட்டும் பாத்தா இந்த மனுஷி யாருன்னே புரியாது, அதனால கொஞ்சம் முன்னாடி இருந்து சொல்றேன்.

மொதல்ல ஹாஃப்பைப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஒரு பெரிய குழாயை நீளவாக்குல ரெண்டாப் பொளந்து மலைச்சரிவுல படுக்க வெச்ச மாதிரி, ரெண்டு பக்கமும் பனியால செஞ்ச செவுரு, நடுவுல பள்ளம். பெரிய போட்டிகள்ல வர்ற சூப்பர்பைப்ல ஒவ்வொரு செவுரும் 22 அடி ஒசரம், அதாவது ரெண்டு மாடிக் கட்டடம். வீரர் ஒரு செவுத்துல ஏறி அந்த விளிம்பையும் தாண்டி மேல பறந்து, காத்துல சுத்தி, அதே செவுத்துல எறங்கி, அந்த வேகத்தோட எதிர்ச் செவுத்துக்குப் போகணும், இப்படி கீழ போய்ச் சேர்றதுக்குள்ள அஞ்சாறு தடவை. பனி பனின்னு சொல்றோமே தவிர அது பஞ்சு மாதிரி இருக்காது, மெஷின் வெச்சு செதுக்கி இறுகிப்போன பனி, பல நாள் ஐஸ் கட்டி மாதிரிதான் இருக்கும். எறங்குற எடம் ஒரு ரெண்டடி தப்பினா நேரா கீழ தட்டையான தரையில போய் விழுவாங்க.

இது ஆரம்பத்துல ஸ்னோபோர்டுக்காரங்க, அதாவது ரெண்டு காலையும் ஒரே பலகையில மாட்டிக்கிட்டு சறுக்குறவங்க சொத்து. 1998 நகானோ ஒலிம்பிக்லயே ஸ்னோபோர்டு ஹாஃப்பைப் வந்துருச்சு. ரெண்டு கால்லயும் ஸ்கீ மாட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு அங்க எடம் இல்ல, பல ரிசார்ட்டுகள்ல பைப்புக்குள்ள ஸ்கீக்காரங்களை விடவே மாட்டாங்க. ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங்னு ஒலிம்பிக்ல இருந்ததெல்லாம் மொகல்ஸ் (பனி மேடுகள் நெறஞ்ச சரிவுல இறங்குறது), ஏரியல்ஸ் (மேடையில இருந்து பறந்து காத்துல குட்டிக்கரணம் போடுறது) ரெண்டுதான், அதுலயும் மொகல்ஸ்ல தலைகீழா சுத்தக்கூடாதுன்னு எல்லாம் கெடுபிடி. இந்தக் கெடுபிடி பிடிக்காம கனடாவுல சில மொகல்ஸ் வீரர்கள், மைக் டக்ளஸ், ஜே.பி. ஒக்லேர் மாதிரி ஆளுங்க, ஸ்னோபோர்டுக்காரங்க பண்றதை நாம ஏன் ஸ்கீல பண்ணக்கூடாதுன்னு கிளம்பினாங்க. ஸ்கீ தயாரிக்கிற சாலமன் கம்பெனி அவங்களோட சேந்து 1998 வாக்குல முன்னாடி பின்னாடி ரெண்டு முனையும் வளைஞ்ச ஸ்கீயைக் கொண்டு வந்துச்சு, அதுக்குப் பேரே 1080. ரெண்டு முனையும் வளைஞ்சிருந்தா பின்பக்கமா வந்தும் எறங்கலாம், பின்பக்கமாவே ஏறலாம், அங்கிருந்துதான் இந்த விளையாட்டோட தலையெழுத்தே மாறுச்சு.

சாரா பொறந்தது 1982 செப்டம்பர் 3, ஒண்டாரியோ மாகாணம் பாரியில, வளந்தது பக்கத்துல மிட்லண்ட்ங்கிற சின்ன ஊர்ல. கனடான்னதும் எல்லாருக்கும் ராக்கி மலை ஞாபகம் வரும், ஆனா ஒண்டாரியோல அப்படிப்பட்ட மலை எல்லாம் கிடையாது, குன்றுகள்தான். அந்தக் குன்றுகள்ல மொகல்ஸ் ஓட்டிப் பழகின பொண்ணு, பதினாறு பதினேழு வயசு வாக்குல இந்தப் புது ஸ்கீ, இந்தப் புது ஸ்டைல் பக்கம் சாய்ஞ்சாங்க. 2001-ல யூ.எஸ். ஃப்ரீஸ்கீயிங் ஓபன்ல ஹாஃப்பைப் பிரிவை ஜெயிச்சாங்க, அப்ப வயசு 18.

ஆனா ஜெயிக்கிறதுக்கு மொதல்ல போட்டி இருக்கணுமே. அந்தக் காலகட்டத்துல பெரும்பாலான எடத்துல பொண்ணுங்களுக்குத் தனிப் பிரிவே கிடையாது. சாரா என்ன பண்ணாங்கன்னா ஆம்பளைங்க போட்டியிலயே பேர் குடுத்து இறங்கினாங்க. அதுக்கும் விடலைன்னா, போட்டி தொடங்குறதுக்கு முன்னாடி களம் எப்படி இருக்குன்னு சோதிச்சுப் பாக்க ஒருத்தரை இறக்கி விடுவாங்க பாருங்க, ஃபோர்ரன்னர்னு பேரு, அந்த வேலையைக் கேட்டு வாங்கி இறங்குவாங்க. மார்க் கிடையாது, பரிசு கிடையாது, பட்டியல்ல பேரு கூட வராது, ஆனா கூட்டமும் நடுவர்களும் ஒரு பொண்ணு இதைப் பண்றதைக் கண்ணால பாத்துருவாங்க, அது போதும்னு இருந்தாங்க.

போட்டி நடத்துறவங்க கிட்ட போய்க் கேட்டா, பொண்ணுங்க பிரிவு வைக்கிற அளவுக்கு ஆள் இல்லியேம்மாங்கிறதுதான் பதில். ஆளு ஏன் இல்ல? போட்டி இல்ல, அதனால இல்ல. பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அதே கதை. இந்த எடத்துலதான் சாரா மத்த நல்ல வீராங்கனைகள்ல இருந்து தனியாத் தெரியுறாங்கன்னு எனக்குத் தோணும், ஏன்னா அவங்க அந்த முடிச்சை ரெண்டு முனையில இருந்தும் அவிழ்க்கப் பாத்தாங்க. ஒரு பக்கம், இந்த மாதிரி சாகச விளையாட்டுகளுக்கான பெரிய போட்டியான எக்ஸ் கேம்ஸை நடத்துற ஈ.எஸ்.பி.என். டிவி கிட்ட பொண்ணுங்களுக்கு சூப்பர்பைப் பிரிவு வேணும்னு விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இன்னொரு பக்கம் கனடாவுல விஸ்லர்ங்கிற ஸ்கீ ஊர்ல கோடைக்கால கேம்ப்ல சின்னப் பொண்ணுங்களுக்குக் கோச்சிங், அதாவது நாளைக்கு தன்னையே தோக்கடிக்கப் போற ஆளுங்களைத் தன் கையாலேயே தயார் பண்றது. ஆள் இல்லன்னு சொன்னா ஆளைக் காட்டணும்ல.

2005-ல எக்ஸ் கேம்ஸ்ல பொண்ணுங்க சூப்பர்பைப் வந்துருச்சு. மொதல் ரெண்டு வருஷமும் தங்கம் சாராவுக்கு இல்ல, கிரீட் எலியாசன் ஜெயிச்சாங்க. இதை நான் வேணும்னே சொல்றேன், ஏன்னா அவங்க கேட்டு வாங்கின பிரிவு அவங்க ஜெயிக்கிறதுக்காக மட்டும் செஞ்சதுன்னு யாரும் நினைச்சுறக்கூடாது. அதே 2005-ல ஃபின்லாந்து ரூக்காவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல ஹாஃப்பைப் முதல் தடவையா சேர்ந்துச்சு, அதுல பொண்ணுங்க தங்கம் சாராவுக்கு. அப்புறம் எக்ஸ் கேம்ஸ்ல 2007, 2008, 2009, 2011 நாலு தங்கம். 2007-ல சிறந்த ஆக்ஷன் ஸ்போர்ட்ஸ் வீராங்கனைக்கான எஸ்பி அவார்டும் (ஈ.எஸ்.பி.என். குடுக்குற விளையாட்டு விருது) வாங்கினாங்க.

இப்ப அந்த நம்பர்கள் விஷயம். 720, 900, 1080னு எல்லாக் கட்டுரையிலயும் வரும், அது காத்துல எத்தனை டிகிரி சுத்துறாங்கங்கிறது. ஒரு முழுச் சுத்து 360, அப்போ 720 ரெண்டு சுத்து, 900 ரெண்டரை, 1080 மூணு. போட்டியில 720 எறக்கின முதல் பொண்ணு சாரா, 900 எறக்கின முதல் பொண்ணு சாரா, 1080-உம் அவங்கதான். ஒவ்வொரு தடவையும் பொண்ணுங்களால இவ்ளோதான் முடியும்னு ஊரு ஒரு கோடு போடும், அடுத்த சீசன்ல இவங்க அதைத் தாண்டி நிப்பாங்க. ஒண்ணு கவனிங்க, அரைச் சுத்து கூடுறது கேக்கச் சின்னதாத் தெரியும், ஆனா அந்த அரைச் சுத்துக்கு இன்னும் ஒசரமாப் பறக்கணும், ஏறும்போதே வேகம் கூட வேணும், எறங்குற செவுரு கண்ணுல படுறது இன்னும் லேட்டாகும், அதாவது ஆபத்து கூடிக்கிட்டே போகும்.

அது அவங்களுக்குத் தெரியாம இல்ல. 2009 எக்ஸ் கேம்ஸ்லயே ஸ்லோப்ஸ்டைல் போட்டியில தப்பா எறங்கி முதுகெலும்புல ஒரு எலும்பு உடைஞ்சுது. ஸ்லோப்ஸ்டைல்ங்கிறது கம்பிகள், பெரிய பெரிய ஜம்புகள் வெச்ச தடம், அதுவும் அவங்க பொண்ணுங்களுக்காகக் கேட்டு வாதாடின பிரிவு. முதுகெலும்பு உடைஞ்சவங்க நாம இருந்தா ஸ்கீயைப் பாக்கவே பயப்படுவோம், அவங்க ரெண்டு வருஷத்துல அதே எக்ஸ் கேம்ஸ்ல மறுபடி சூப்பர்பைப் தங்கம். நடுவுல 2010 செப்டம்பர்ல ரோரி புஷ்ஃபீல்டுங்கிற ஸ்கீ வீரரோட கல்யாணம், பதின்ம வயசுல இருந்தே பழக்கம், ரெண்டு பேரும் பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஸ்குவாமிஷ்ல குடியிருந்தாங்க.

ஒலிம்பிக் கதைக்கு வருவோம். 2010 ஒலிம்பிக் சொந்த நாட்டுல, வான்கூவர்ல நடந்துச்சு, ஸ்கீ போட்டிகள்ல புதுசா ஸ்கீ கிராஸை (நாலஞ்சு பேர் ஒண்ணா இறங்குற ரேஸ்) சேத்தாங்க, ஹாஃப்பைப்பை சேக்கல. தன் வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல ஒலிம்பிக் நடக்குது, உலகத்துலயே தன் விளையாட்டுல முதல் ஆள் நாம, ஆனா வேடிக்கைதான் பாக்க முடியும்ங்கிற நிலைமை. அப்பவும் அவங்க வாய் ஓயல, பேட்டி குடுத்தா ஒலிம்பிக், கூட்டத்துக்குப் போனா ஒலிம்பிக். 2011 ஏப்ரல்ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014 ரஷ்யாவுல நடக்கவிருந்த சோச்சி ஒலிம்பிக்குக்கு ஸ்கீ ஹாஃப்பைப்பை சேத்துக்கிட்டாங்க, ஆண் பெண் ரெண்டு பிரிவும். அந்த ஜூலைல ஸ்லோப்ஸ்டைலும் வந்துருச்சு. சோச்சியில தங்கம் யாருக்குன்னு அன்னைக்குக் கேட்டிருந்தா முக்கால்வாசிப் பேர் சாரா பேரைத்தான் சொல்லியிருப்பாங்க.

இந்த எடத்துல மேரி மார்ட்டினோ பத்தி சொல்லியே ஆகணும், எனக்கு சாரா மேல மரியாதை கூடினதே இந்த விஷயத்துக்கு அப்புறம்தான். மார்ட்டினோ பிரான்ஸ் நாட்டு வீராங்கனை, 2000-கள்ல சாராவோட மோதினவங்க, அப்புறம் விளையாட்டை விட்டுட்டு பொண்ணு பெத்துக்கிட்டு குடும்பம்னு இருந்துட்டாங்க. 2011-ல ஹாஃப்பைப் ஒலிம்பிக்குக்கு வருதுங்கிற சமயம் சாரா பிரான்ஸ்ல அவங்களைத் தேடிப் போய், நீ திரும்ப வரணும், நாம ஆசைப்பட்டது நடக்கப் போகுது, நீ இல்லாம எப்படின்னு பேசினாங்க. யோசிச்சுப் பாருங்க, தங்கம் தனக்குத்தான்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்கிற நேரத்துல, ஓய்வு எடுத்துட்டுப் போன ஒரு வலுவான எதிராளியை வீடு தேடிப் போய்க் கூப்பிடுறது. ஓய்ஞ்சு போன எதிராளியை எழுப்பி விடுற விளையாட்டு வீரர்களை விரல் விட்டு எண்ணிரலாம்.

2012 ஜனவரி 10. அமெரிக்காவுல யூட்டா மாகாணம், பார்க் சிட்டி ரிசார்ட்ல ஸ்பான்சர் ஒருத்தர் ஏற்பாடு பண்ண பயிற்சி நிகழ்ச்சி. சூப்பர்பைப்ல சாரா ஒரு சுத்து சுத்தி எறங்குறாங்க, அவங்களுக்குப் பழக்கப்பட்ட வித்தைதான், எறங்கினதும் தடுமாறி பைப் அடியில விழுந்தாங்க. கூட இருந்தவங்க பெரிய அடின்னே நினைக்கல, அதைவிட மோசமா விழுந்து எழுந்து போனவங்க எத்தனையோ பேரு. ஆனா கழுத்து எலும்புகளோட ஓட்டைகள் வழியா மூளைக்கு ரத்தம் கொண்டு போற ஒரு தமனி இருக்கு, வெர்ட்டிப்ரல் ஆர்ட்டரி, அது கிழிஞ்சிருந்துச்சு. மூளையில ரத்தக்கசிவு, அந்த எடத்துலயே இதயம் நின்னு போச்சு. அங்கயே சி.பி.ஆர். குடுத்து ஹெலிகாப்டர்ல சால்ட் லேக் சிட்டிக்கு யூட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, மறுநாள் ஆபரேஷன் பண்ணி அந்தத் தமனியையும் சரி பண்ணாங்க, ஆனா இதயம் நின்ன நேரத்துல ஆக்சிஜன் போகாம மூளை மீள முடியாத அளவுக்குப் பாதிச்சிருந்துச்சு. ஜனவரி 19 அன்னிக்கு இறந்துட்டாங்க. அவங்க முன்னாடியே சொல்லி வெச்சிருந்தபடி உறுப்புகளைத் தானம் பண்ணாங்க.

அதே பைப்லதான் 2009 டிசம்பர் 31 அன்னிக்கு கெவின் பியர்ஸ்ங்கிற ஸ்னோபோர்டு வீரர் தலையில அடிபட்டு மூளைக்காயத்தோட பிழைச்சாரு. அதனால அந்த பைப்பையே குத்தம் சொல்லி அப்ப நிறைய எழுதினாங்க, எனக்கு அது சரின்னு படல. சாராவுக்கு நடந்தது கழுத்துக்குள்ள இருக்கிற ஒரு குழாய் கிழிஞ்சது, ஹெல்மெட் எவ்ளோ நல்லதா இருந்தாலும் அதைக் காப்பாத்தாது, செவுரை நாலடி கொறைச்சாலும் நடக்காதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஹாஃப்பைப் ஆபத்தான விளையாட்டுதான், அதை மறைக்கக்கூடாது, ஆனா ஒரு பொண்ணு விழுந்ததும் மட்டும் இந்த விளையாட்டு பொண்ணுங்களுக்குத் தேவையான்னு கேக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அந்தக் கேள்வியைத்தான் சாரா பத்து வருஷத்துக்கு மேல தன் ஸ்கீயாலயே அடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

பேச வேண்டிய உண்மையான பிரச்சினை வேற, அது பணம். அந்த நிகழ்ச்சி கனடா ஸ்கீ சங்கத்தோட அதிகாரப்பூர்வப் பயிற்சி இல்லங்கிறதால சங்கத்தோட இன்ஷூரன்ஸ் அதுக்குப் பொருந்தல. கனடாவுல ஆஸ்பத்திரிச் செலவு அரசாங்கம் பாத்துக்கும், ஆனா அமெரிக்காவுல போய்ப் படுத்தா அந்தக் கவரேஜ் யானைப் பசிக்கு சோளப்பொரிதான். 5.5 லட்சம் டாலர் வரைக்கும் பில் வரலாம்னு முதல்ல செய்தி வந்துச்சு, கடைசியில அதைவிட ரொம்பவே கொறைஞ்சாலும், உலக சாம்பியனோட குடும்பம் ஆஸ்பத்திரிக் கடனுக்காக இணையத்துல நிதி திரட்ட வேண்டிய நிலைமை. முகம் தெரியாதவங்க எல்லாம் போட்டு 3 லட்சம் டாலருக்கு மேல சேந்துச்சு. அவங்க பேர்ல ஆரம்பிச்ச சாரா பர்க் ஃபவுண்டேஷன் இப்ப இளம் ஸ்கீ வீரர்களுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்குது. ஸ்பான்சர் நடத்துற நிகழ்ச்சியில உயிரைப் பணயம் வெச்சு இறங்குறவங்களுக்கு யார் இன்ஷூரன்ஸ் போடணும்ங்கிற கேள்வியை அந்தச் சம்பவம்தான் எல்லாரு முன்னாலயும் வெச்சுது, இதை நான் இந்தக் கதையோட ஓரக் குறிப்பா நினைக்கவே இல்ல.

அவங்க இறந்து ஒரே வாரத்துல அமெரிக்காவுல ஆஸ்பென்ல எக்ஸ் கேம்ஸ். பொண்ணுங்க சூப்பர்பைப் தங்கத்தை ரோஸ் குரோனவுட் ஜெயிச்சாங்க, கனடாவேதான், சாராவோட நெருங்கின தோழி. அந்த மனநிலையில எப்படி எறங்கினாங்கன்னு இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

2014 பிப்ரவரி, சோச்சி. வீரர்கள் பல பேரு ஹெல்மெட்ல சாரா பேர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க, எக்ஸ் கேம்ஸ்ல எல்லாம் ஒட்டினதுதான், ஆனா ஒலிம்பிக் கமிட்டி அதை அனுமதிக்கல. ஆஸ்திரேலிய ஸ்னோபோர்டு வீராங்கனை டோரா பிரைட் இதை வெளிப்படையாவே எழுதினாங்க, இந்த ஸ்டிக்கரை அரசியல் மாதிரி பாக்குறாங்கன்னு. துக்கம் அனுசரிக்க வேற எடங்கள் இருக்கு, போட்டிக்களம் அதுக்கான எடம் இல்லங்கிறது கமிட்டி தரப்பு. விதின்னு ஒண்ணு இருக்கணும்ங்கிறது எனக்கும் புரியுது, ஆனா அந்தப் போட்டியே அங்க நடக்கிறதுக்குக் காரணமான ஒருத்தரோட பேருக்கு ஒரு ஸ்டிக்கர் அளவு எடம் குடுத்திருக்கலாம், இதுல என் கருத்து மாறவே மாறாது.

பிப்ரவரி 20 ராத்திரி பொண்ணுங்க ஹாஃப்பைப் ஃபைனல். அமெரிக்காவோட மேடி போமன் 89.00 மார்க் எடுத்துத் தங்கம், ஜப்பானோட அயானா ஒனோசுகா 83.20-ல வெண்கலம், நடுவுல வெள்ளி யாருன்னு நினைக்கிறீங்க, மேரி மார்ட்டினோ, 85.40. சாரா கூப்பிட்டது வீண் போகல. ரோஸ் ரெண்டு முழங்கால்லயும் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் வாக்குலயே இறங்கி ஏழாவது வந்தாங்க. போட்டி முடிஞ்சதும் பைப்பைச் சீர் பண்ற பணியாளர்கள் எல்லாம் ஒண்ணா பைப்புக்குள்ள சறுக்கிட்டு வந்து இதய வடிவத்துல நின்னாங்க. கனடா கோச் டிரென்னன் பெய்ன்டர் சாராவோட அஸ்தியில கொஞ்சத்தை அங்க கொண்டு வந்து அந்த பைப்லயும் மலையிலயும் தூவினாரு. அதே ஒலிம்பிக்ல பொண்ணுங்க ஸ்லோப்ஸ்டைல் முதல் தங்கம் கனடாவோட டாரா ஹவலுக்கு, அவங்களும் ஒண்டாரியோப் பொண்ணு, ஜெயிச்சதும் சாராவுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணாங்க.

அவங்க விட்டுட்டுப் போனது என்னன்னு கேட்டா நான் இந்த வரிசையைக் காட்டுவேன். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ல சீனாவோட ஐலீன் கூ ஹாஃப்பைப் தங்கம் வாங்குறதை உலகமே உக்காந்து பாத்துச்சு, மேகஸின் அட்டை, கோடிக்கணக்குல விளம்பர ஒப்பந்தம்னு ஒரு ஸ்கீ பொண்ணு போறதை 2001-ல யாரும் நம்பியிருக்க மாட்டாங்க, ஃபோர்ரன்னரா இறங்க அனுமதி கேட்ட காலம் அது. அன்னைக்கு வெள்ளியும் வெண்கலமும் கேஸி ஷார்ப், ரேச்சல் கார்க்கர், ரெண்டு பேரும் கனடா. சாரா ஒத்தை ஆளா முதல்ல எறக்கின 900-ஐ இன்னைக்கு ஃபைனலுக்கு வர்ற பொண்ணுங்க எடம் வலம் ரெண்டு பக்கமும் சுத்துறாங்க. ஆள் இல்லன்னு சொன்ன விளையாட்டுல இன்னைக்கு ஃபைனலுக்குள்ள நுழையுறதே குதிரைக்கொம்பு.

இவங்களைப் பத்தி முதல் தடவையா பாக்கப் போறீங்கன்னா விபத்து செய்திகள்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, 2007-ல இருந்து 2011 வரைக்குமான எக்ஸ் கேம்ஸ் ஓட்டங்கள் இணையத்துல கிடைக்கும், செவுத்துக்கு மேல எவ்ளோ ஒசரம் போறாங்க, எறங்கினதும் அடுத்த செவுத்துக்கு வேகம் கொறையாம எப்படிப் போறாங்கன்னு பாருங்க. அப்புறம் 2018 பியோங்சாங் ஒலிம்பிக் ஹாஃப்பைப் ஃபைனலையும் பாருங்க. தங்கம் கனடாவோட கேஸி ஷார்ப், 95.80. வெள்ளி மறுபடியும் மேரி மார்ட்டினோ, 92.60, அப்ப அவங்க வயசு 33.